பணம் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது?

திருச்சி தில்லைநகரில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 66. அவர் மனைவி தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். ஒரே மகன் துபாயில் இருக்கிறான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் செய்து, "இங்கேயே வந்து இருந்துடுங்கப்பா" என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா ஒரு நாள் "சரிப்பா, பாரு" என்கிறார். அன்று சாயங்காலமே பீரோவின் மேல்தட்டிலிருந்து மஞ்சள் பை இறங்குகிறது. அதற்குள் மூன்று பாஸ்புக், ரப்பர் பேண்ட் போட்ட எஃப்.டி. ரசீதுகள், வீட்டுப் பத்திரம், எப்போதோ முதிர்ந்துவிட்ட எல்.ஐ.சி. பாலிசி, பென்ஷன் புத்தகம், மனைவியின் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் எல்லாம் இருக்கின்றன.

இந்தத் தம்பதிக்குப் பெயர் வைக்கத் தேவையில்லை. தஞ்சாவூரிலும் நாகர்கோவிலிலும் கோவை சாய்பாபா காலனியிலும் இதே பை இதேபோல இறங்குகிறது. சேர வேண்டிய ஊர் துபாயாக இருக்கலாம், டொரொன்டோவாக இருக்கலாம், மெல்போர்னாக இருக்கலாம். எங்கே போனாலும் தூதரகமோ குடியேற்ற அலுவலகமோ இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறது. உங்களிடம் எவ்வளவு இருக்கிறது? அது உங்களிடம் எப்படி வந்தது? முதல் கேள்விக்கான பதிலை எல்லாரும் பல மாதம் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான்.

துபாயையே எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்றவர்களுக்கான ஐந்தாண்டு விசாத் திட்டத்தை அந்த நகரம் 2020 செப்டம்பரில் அறிவித்தது. குறைந்தபட்ச வயது 55. அதன் பிறகு பணத்தைக் காட்ட மூன்று வழிகள் உண்டு. மாதம் 15,000 திர்ஹாம் வருமானம் இருக்க வேண்டும். இல்லையென்றால் 10 லட்சம் திர்ஹாமை அங்குள்ள வங்கியில் மூன்று வருடத்துக்கு வைப்புத்தொகையாகப் போட வேண்டும். அதுவும் இல்லையென்றால் 10 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து அங்கே சொந்தமாக இருக்க வேண்டும். சொத்தும் வைப்புத்தொகையும் பாதிப் பாதியாக இருந்தாலும் ஏற்கிறார்கள். இவற்றோடு மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால் மாதம் 15,000 திர்ஹாம் என்பது 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் அந்த அளவுக்குப் பென்ஷன் வாங்கும் தலைமையாசிரியர் யாரும் இல்லை. ஆகவே முதல் வழி உடனே அடைபடுகிறது. மிச்சமிருப்பது 10 லட்சம் திர்ஹாம், அதாவது சுமார் 2 கோடியே 40 லட்சம் ரூபாய். தில்லைநகர் வீட்டை விற்று, எஃப்.டி.யையும் உடைத்தால் அந்தத் தொகையை எட்டிப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். மகனும் அதைத்தான் சொல்கிறான்: "வீட்டைக் கொடுத்துடலாம்பா. யார் இனிமே அங்கே இருக்கப்போறது?"

அந்த ஒரு வாக்கியத்தோடு எத்தனையோ குடும்பங்கள் தரகரைத் தேடிப் போய்விடுகின்றன. போவதற்கு முன் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

திர்ஹாம் 1997 முதல் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்ட நாணயம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம். அதன்படி 10 லட்சம் திர்ஹாம் என்பது சுமார் 2 லட்சத்து 72 ஆயிரம் டாலர். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய உச்சவரம்போ 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர். ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். என்ற திட்டத்தின் விதி அது. 2004-ல் 25,000 டாலரில் தொடங்கி இந்த அளவுக்கு வளர்ந்த வரம்பு. கையில் முழுப் பணமும் இருந்தாலும் அப்பா ஒருவரால் அந்த வைப்புத்தொகையை ஒரே நிதியாண்டில் அனுப்பி முடிக்க முடியாது. 22 ஆயிரம் டாலர் வெளியே நின்றுவிடும்.

"அம்மா பெயரில் மிச்சத்தை அனுப்பிவிடலாமே" என்று உடனே தோன்றும். அம்மாவுக்கும் அதே 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வரம்பு தனியாக உண்டுதான். ஆனால் வெளிநாட்டு வங்கிக் கணக்கில் போடுவது மாதிரியான விஷயங்களில் குடும்பத்தாரின் வரம்பை ஒன்றாகச் சேர்க்க வேண்டுமானால் அந்தக் கணக்கில் அவர்களும் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. அப்பா பெயரில் மட்டும் இருக்கும் கணக்குக்கு அம்மா தன் வரம்பிலிருந்து அனுப்ப முடியாது. கணக்கைக் கூட்டாகத் திறக்க வேண்டும். கூட்டு வைப்புத்தொகையை விசா அலுவலகம் எப்படிக் கணக்கில் எடுக்கும் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒரு பகுதியை மார்ச் கடைசி வாரத்திலும் மறுபகுதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் அப்பாவே அனுப்பலாம். நிதியாண்டு மாறியதும் வரம்பும் புதிதாகிவிடும். அனுபவப்பட்ட ஆடிட்டர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியைத்தான் சொல்கிறார்கள். தாள்கள் ஒரே பெயரில் நேராக நிற்கும் என்பதுதான் காரணம்.

இன்னும் பெரிய அடி டி.சி.எஸ். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கியே பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டிவிடும் தொகை அது. 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் முதல் 10 லட்சம் ரூபாய்க்குப் பிடித்தம் இல்லை. படிப்பு, மருத்துவம் தவிர்த்த இம்மாதிரிக் காரணங்களுக்கு அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 20 சதவீதம். 2 கோடியே 40 லட்சத்தை இரண்டு நிதியாண்டுகளாகச் சரிபாதி பிரித்தால் ஒவ்வொரு தடவையும் 1 கோடியே 10 லட்சத்துக்கு 20 சதவீதம், அதாவது 22 லட்சம். இரண்டு தடவைக்கும் சேர்த்து 44 லட்சம் ரூபாய்.

இது செலவு இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் அது திரும்பி வரும்வரை அந்த 44 லட்சமும் தனியாகக் கையில் இருந்திருக்க வேண்டும். 2 கோடியே 40 லட்சம் காட்டுவதற்கு 2 கோடியே 84 லட்சம் வேண்டியிருக்கிறது. வீட்டை விற்றுச் சரியாக 2 கோடியே 40 லட்சத்தைத் திரட்டி வைத்திருக்கும் குடும்பம், வங்கி கவுன்டரில் நிற்கும்போதுதான் இதைக் கேள்விப்படுகிறது. அதற்குள் வீடு கைமாறியிருக்கும்.

வீட்டை எப்போது விற்பது என்பதும் சாதாரண விஷயம் இல்லை. இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்போதே அப்பா விற்றால், வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் மட்டும் வரியாகப் பிடித்துக் கட்டுகிறார். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால் ஆதாயத்துக்கு வரி கணக்கிட இரண்டு வழிகளில் எது குறைவோ அதை அவர் எடுத்துக்கொள்ளலாம். விலைவாசி உயர்வைக் கழிக்காமல் 12.5 சதவீதம், கழித்துவிட்டு 20 சதவீதம். வெளிநாட்டில் குடியேறி என்.ஆர்.ஐ. ஆன பிறகு விற்றால் இந்தத் தேர்வு கிடையாது. வாங்குபவர் பிடிக்கும் வரியும் 1 சதவீதத்தோடு நிற்காது. 1985-ல் வாங்கிய வீட்டுக்கும் 2015-ல் வாங்கிய வீட்டுக்கும் இந்த வித்தியாசம் வேறு வேறு அளவில் வரும் என்பதால், விற்கும் தேதியைத் தீர்மானிக்கும் முன் ஆடிட்டரிடம் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு வாங்குவது அவசியம்.

பணம் அனுப்பும் பக்கத்தில் நிலைமை நேர் எதிர். என்.ஆர்.ஐ. ஆனவர் தன் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். அதற்கு டி.சி.எஸ். கிடையாது. வரி கட்டியாயிற்று என்பதற்கு ஆடிட்டர் தரும் சான்றும், 15சிஏ, 15சிபி என்று ஆடிட்டர் வட்டாரத்தில் பழகிவிட்ட படிவங்களும் போதும். விற்பது இங்கே இருக்கும்போது லாபம், அனுப்புவது அங்கே போன பிறகு லாபம். மூத்த குடிமக்களின் சேமிப்பு எத்தனை லட்சம் மிச்சமாகிறது என்பதை இந்த வரிசைதான் முடிவு செய்கிறது. வரிசை மாறினால் யாரும் தண்டிக்கப்போவதில்லை, ஆனால் பணம் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

அந்த வரிசை எப்படிச் சாத்தியம்? பெற்றோர் முதலில் மகனின் ஸ்பான்சரில் போகலாம். அமீரகத்தில் வேலை பார்ப்பவர் பெற்றோரை அழைத்துக்கொள்ள வருட விசா உண்டு. மகனின் சம்பளம், பெற்றோருக்கு இடம் இருக்கும் வீட்டு வாடகை ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும் என்பது தொல்லைதான். ஆனால் தில்லைநகர் வீடு தில்லைநகரிலேயே இருக்கும். முதல் ஒரு வருடம் இருந்து பார்த்து, ஆகஸ்ட் மாத வெயிலையும் பதினெட்டாவது மாடியையும் அப்பா உடம்பு தாங்குகிறதா, அம்மாவுக்குப் பேச ஆள் கிடைக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு வீட்டைப் பற்றி யோசிக்கலாம்; என்.ஆர்.ஐ. ஆன பிறகு விற்றால் மேலே சொன்ன வரித் தேர்வு கிடைக்காது என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். விற்பதற்கு வேறு வீடு இல்லாதவர்கள் ஓய்வுபெற்றோர் விசாவைத் தேடவே கூடாது என்பது என் தெளிவான கருத்து. சொந்த வீடு போக மிச்சத்தில் 2 கோடியே 84 லட்சம் வைத்திருப்பவர்களுக்கான திட்டம் அது.

இனி அந்த மஞ்சள் பைக்குத் திரும்புவோம்.

முதலில் வெளியே வருவது அப்பாவின் வங்கிப் பாஸ்புக். ஒருவர் பெயர் சுப்பிரமணியன், அவர் தந்தை பெயர் முத்தையா என்றால் பாஸ்புக்கில் 'எம். சுப்பிரமணியன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'முத்தையா சுப்பிரமணியன்' என்று இருக்கும், அல்லது குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். வீட்டுப் பத்திரத்தில் தமிழில் 'மு. சுப்பிரமணியன், த/பெ முத்தையா' என்று இருக்கும். பான் கார்டில் கடைசி எழுத்து மாறி 'சுப்பிரமணியம்' ஆகியிருக்கும். நமக்கு இவர் ஒரே ஆள். சென்னையைத் தாண்டிய எந்த அலுவலருக்கும் இவர் நான்கு ஆட்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம் ஊர்ப் பெயர்முறைக்கு உலகத்தின் படிவங்களில் கட்டம் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே சொல் மட்டும் பெயராக இருப்பவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அமீரகம் 2022 நவம்பரில் சொன்னபோது விமான நிறுவனங்கள் அவசரமாகச் சுற்றறிக்கை விட்டது பலருக்கு நினைவிருக்கும். இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

அம்மாவின் தாள்கள் இன்னும் சிக்கல். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் அவருடைய அப்பாவின் எழுத்து, ரேஷன் கார்டில் கணவரின் எழுத்து. கல்யாணம் 1980-களில் ஏதோ ஒரு மண்டபத்தில் நடந்திருக்கும். பத்திரிகை இருக்கும், கருப்பு வெள்ளைப் படம் இருக்கும், திருமணச் சான்றிதழ் இருக்காது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானதே 2009-ல்தான். இப்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பதியலாம். நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த இருவர், பேரன் அனுப்பிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அலுவலகப் பெஞ்சில் சாட்சிகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு மனசு கொஞ்சம் இளகும். ஆனால் இந்தச் சான்று இல்லாமல் மனைவி கணவரைச் சார்ந்தவர் என்று நிரூபிக்க முடியாது. அதை வாங்கிய பிறகு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு அபாஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும். அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை என்பதால் தூதரகம் வரை போயே ஆக வேண்டும்.

அடுத்தது பணத்தின் கதை. ஓய்வுபெற்ற வருடம் பி.எஃப்., கிராஜுவிட்டி வந்தது. அதில் பாதி எஃப்.டி., மிச்சத்தில் மகள் கல்யாணம். கிராமத்து நிலத்தை விற்றதில் ஒரு பங்கு. மகன் மாதாமாதம் அனுப்பியதில் சேர்ந்தது கொஞ்சம். அப்பாவைக் கேட்டால் ஒரு ரூபாய் விடாமல் சொல்லுவார். ஆனால் அலுவலருக்குச் சொல் போதாது. கிராஜுவிட்டி உத்தரவு, நில விற்பனைப் பத்திரம், அந்தப் பணம் கணக்கில் ஏறிய தேதி, மகன் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நிலம் விற்ற பணத்தில் பாதி ரொக்கமாக வந்து பீரோவில் இருந்துவிட்டுப் பிறகு வங்கிக்கு வந்திருந்தால், அந்தப் பாதிக்குக் கதை கிடையாது.

எல்லாவற்றையும்விட மோசமானது விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து விழும் பெரிய தொகை. மாமா கொஞ்சம், சம்பந்தி கொஞ்சம் என்று கைமாற்றாக வாங்கிக் கணக்கில் போட்டு, வங்கி மேலாளரிடம் இருப்புச் சான்று வாங்கி, அடுத்த வாரம் எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. சில ஏஜென்டுகளே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இருப்புச் சான்றோடு ஆறு மாதக் கணக்கு விவரத்தையும் கேட்கும்போது அந்தத் தொகை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மறுக்கப்பட்ட விசா அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் கேள்வியாக வரும். மகன் உண்மையிலேயே கொடுத்த பணம் என்றால் அதைக் கொடைப் பத்திரமாக எழுதி, அவன் சம்பளக் கணக்கிலிருந்து நேராக வந்ததைக் காட்டினால் போதும். மறைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

பணத்துக்கு வயது பார்ப்பது துபாய் மட்டும் அல்ல. தாய்லாந்தில் 50 வயதைக் கடந்தவர் 8 லட்சம் பாத் வங்கியில் காட்டி வருட நீட்டிப்பு வாங்கலாம். அந்தப் பணம் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னாலிருந்தே கணக்கில் இருக்க வேண்டும், கிடைத்த பிறகும் மூன்று மாதம் அசையக் கூடாது, வருடத்தின் மிச்ச நாளில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. மலேசியாவின் 'இரண்டாம் இல்லம்' திட்டம் ஒரு காலத்தில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட் வைப்புத்தொகையோடு திறந்திருந்தது. 2021-ல் அதை 10 லட்சம் ரிங்கிட்டாக்கி, மாத வருமானத்தை 40 ஆயிரமாக உயர்த்தினார்கள். 2024-ல் மறுபடி மாற்றிப் படிநிலைகள் வைத்தார்கள். பொதுவான படிநிலைகளில் கீழ்ப்படிக்கே 1 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலர், கூடவே வீடு வாங்கும் கட்டாயம். பினாங்கிலோ ஈப்போவிலோ உறவு இருக்கிறது, பழைய விதியை நம்பிக் காத்திருக்கலாம் என்று இருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் வேறு மாதிரி. கனடாவின் சூப்பர் விசாவுக்கு அப்பாவின் எஃப்.டி.யைவிடப் பிள்ளையின் வருமானம்தான் முக்கியம். பிள்ளையின் வீட்டில் இருப்பவர்களையும் வரப்போகும் பெற்றோரையும் சேர்த்துத் தலையெண்ணி, அத்தனை பேருக்கும் அரசு வகுத்த குறைந்தபட்ச வருமானம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், பெற்றோர் இருவர் என்றால் ஆறு தலை. ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். 2022 ஜூலை முதல் ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம் என்றாக்கியது பெரிய நிம்மதி. அதற்கு முன் இரண்டு வருடம்தான். காப்பீட்டைக் கனடிய நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்றிருந்ததையும் 2025 ஜனவரியில் தளர்த்தினார்கள். ஆஸ்திரேலியாவுக்கோ நிரந்தரமாகப் போக, பிள்ளைகளில் பாதிப் பேராவது அந்த நாட்டில் நிலையாக இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகப் பிள்ளைகள் இருக்க வேண்டும். மூன்று பிள்ளைகளில் ஒருவர் சிட்னி, இருவர் சென்னை என்றால் அந்தக் கதவு மூடியிருக்கும். திறந்திருந்தாலும் பங்களிப்புப் பெற்றோர் விசாவுக்கு ஆளுக்கு 45 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் கட்டணம், பல வருடக் காத்திருப்பு.

கடைசியாக, மஞ்சள் பையின் அடியில் கிடக்கும் பென்ஷன் புத்தகம். வெளிநாடு போனதும் பென்ஷன் நிற்காது. நிற்பது வாழ்வுச் சான்று போகாததால். மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர், 80 வயதைக் கடந்தவருக்கு அக்டோபர் முதலே. ஜீவன் பிரமாண் இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே கொடுக்க முடிகிறது. மாநில அரசு ஓய்வூதியருக்கு வருடாந்திர நேர்காணல் உண்டு; வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரக அலுவலர் முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். போகும் முன் கருவூலத்தில் இதைக் கேட்டு, புது முகவரியையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. விசா வேலை நடக்கும் அந்த ஆறு மாதத்தில் அப்பாவின் பணம், அம்மாவின் பணம் எல்லாம் ஒரே எக்செல் தாளில் எண்களாகிவிடுகின்றன. சொந்தக் கணக்கில் ஒரு தொகை, தனியாக ஒரு ஏ.டி.எம். கார்டு அவர்கள் கையிலேயே இருக்கட்டும். புது ஊரில் காய்கறிக் கடைக்குப் போக மகனிடம் கை நீட்டும் நிலை தலைமையாசிரியராக இருந்தவருக்கு வரக் கூடாது.

அடுத்த தடவை ஊருக்குப் போகிறவர்கள் முதல் நாளே அந்தப் பையை இறக்குங்கள். பாஸ்போர்ட், பான், ஆதார், பாஸ்புக், பத்திரம் ஐந்தையும் தரையில் வரிசையாகப் பரப்பி, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் பிறந்த தேதியையும் அப்பாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். எழுத்து மாறியிருந்தால் திருத்தும் மனுவை அந்த வாரமே போடுங்கள். வீட்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.